எந்த நாட்டில் குற்றம் குறைவு என்று கேட்பதற்கு முன்னால்

கேள்வி இதுதான். சட்டம் முடித்துவிட்டுக் குற்றவியலில் முதுகலை சேரப்போகும் ஒருவர், பல நாடுகளின் குற்றத்தையும் நீதிமுறையையும் ஒப்பிட்டுப் படிக்க ஆசைப்படுகிறார். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார். கூடவே, "அரபு நாடு மாதிரி கடுமையாகத் தண்டித்தால் குற்றம் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது ஆய்வில் நிரூபணமான விஷயமா?" என்றும் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில், இல்லை. ஏன் இல்லை என்று விளக்கப் போனால் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிடும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எண்களைப் பற்றி. நாடுவாரியான குற்ற விகிதப் பட்டியல் ஒன்றை எடுத்துப் பார்த்தால் பாலியல் வன்முறையில் ஸ்வீடன் உச்சியில் நிற்கும், இந்தியா எங்கோ கீழே சாதுவாக இருக்கும். இதை வைத்து "பார்த்தீர்களா நம் பண்பாட்டை" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்வீடனில் ஒரு பெண் காவல் நிலையத்துக்குப் போய், கணவர் ஓராண்டாக வாரம் ஒருமுறை தன்னைப் பலாத்காரம் செய்தார் என்று புகார் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சம்பவமும் தனிக் குற்றமாக ஏறும், ஐம்பதைத் தாண்டிவிடும். புகார் வந்தபோதே கணக்கில் சேர்த்துவிடுவார்கள், விசாரணை முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. 2005-ல் பலாத்காரத்துக்கான சட்ட வரையறையை விரித்தார்கள், 2018 ஜூலையிலிருந்து சம்மதம் இல்லாத உறவே குற்றம், பலவந்தம் நடந்தது என்று தனியாகக் காட்ட வேண்டியதில்லை. இப்போது அதே பெண் அதே புகாரோடு நம் ஊர் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு வந்தால் என்ன ஆகும்? மனைவிக்கு 18 வயது நிரம்பியிருந்தால் கணவர் செய்தது பலாத்காரம் என்ற குற்றத்திலேயே வராது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 375-ல் இருந்த அந்த விதிவிலக்கு அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது. கொடுமை, காயம் என்று வேறு பிரிவில் வழக்குப் போடலாம், ஆனால் பாலியல் பலாத்காரக் கணக்கில் பூஜ்யம்தான். நடந்த சம்பவங்கள் ஒன்றே, ஒரு நாட்டுப் புள்ளிவிவரத்தில் ஐம்பது, இன்னொன்றில் ஒன்றுமில்லை.

இதோடு நிற்கவில்லை. நம் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் மிகக் கடுமையானதை மட்டும்தான் எண்ணும். வீடு புகுந்து திருடி, வீட்டிலிருந்தவரைக் கொன்றுவிட்டுப் போனால் கணக்கில் ஒரு கொலை, அவ்வளவுதான். அதற்கும் முன்னால், எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் இல்லையா? புகாரோடு போனவர் கையில், புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் சொல்லும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் தமிழ்நாட்டில் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் சி.எஸ்.ஆரோடு முடிந்துபோன புகார்களுக்குக் குறைவில்லை, அவை எதுவும் தேசியப் புள்ளிவிவரத்துக்குப் போய்ச் சேராது.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். 2020-ல் இந்தியாவில் பதிவான குற்றங்கள் ஒரே ஆண்டில் 28% கூடின. நாடே கெட்டுப்போய்விட்டதா? ஊரடங்கை மீறியவர்கள்மேல், அரசு உத்தரவை மீறுவதற்கான 188-ம் பிரிவில் வழக்குப் போட்டுத் தள்ளினார்கள், முந்தைய ஆண்டு 29,469 ஆக இருந்த அந்த வழக்குகள் 6,12,179 ஆயின. திருட்டும் கொள்ளையும் அந்த ஆண்டு குறையத்தான் செய்தன. அந்த வருடத்து எண்ணைப் பார்த்தால் குற்றவாளிகளைவிடக் காவல்துறை என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் தெளிவாகத் தெரியும். பதிவுக் குற்ற விகிதம் எல்லாமே ஓரளவு இப்படித்தான். கேரளம் பட்டியலில் எப்போதும் மேலே நிற்பதற்குக் காரணம், அங்கே மக்கள் புகார் கொடுக்கிறார்கள், நிலையத்தில் அதை வாங்குகிறார்கள் என்பதுதான் என்பது என் எண்ணம்.

அதனால்தான் நாடுகளை ஒப்பிடுகிறவர்கள் கொலையில் தொடங்குவார்கள். உடலை மறைப்பது கடினம், மருத்துவமனைப் பதிவும் இறப்புப் பதிவும் காவல்துறைக் கணக்கைச் சரிபார்க்க உதவும், வரையறையும் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறாது. இந்தியாவில் 2022-ல் 28,522 கொலைகள், லட்சம் பேருக்கு ஏறக்குறைய 2. அமெரிக்காவில் அது 6-ஐ ஒட்டி, ஜப்பானில் 0.2, 0.3 அளவில். இன்னொரு வழி, காவல்துறையை விட்டுவிட்டு மக்களிடமே போய்க் கேட்பது. தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21-ல் வன்முறைக்கு ஆளான பெண்களைக் கேட்டபோது, யாரிடமாவது உதவி கேட்டதாகச் சொன்னவர்கள் 14% மட்டுமே. அதுவும் பெரும்பாலும் அம்மா வீட்டில், அக்கம்பக்கத்தில். காவல் நிலையம் வரை போனவர்கள் அதில் ஒரு சிறு பகுதி.

சரி, கடும் தண்டனைக்கு வருவோம். சவூதியை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது, ஏனென்றால் அங்கே புகார் கொடுத்தால் வேலையும் விசாவும் போய்விடும் என்று பயப்படும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நடப்பது கணக்கில் வருகிறதா என்பதே முதல் சந்தேகம். அங்கே 2024-ல் மட்டும் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள், அதில் 100-க்கும் மேல் வெளிநாட்டவர். தண்டனையின் பயம் வேலை செய்திருந்தால் இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கலாம், ஆனால் அதுவும் ஆதாரம் ஆகாது, வெறும் பட்டிமன்ற வாதம்தான்.

ஆதாரம் வேண்டுமென்றால் எல்லாம் ஒன்றுபோல் இருந்து, தண்டனை மட்டும் வேறாக இருக்கும் இரண்டு இடங்கள் வேண்டும். சிங்கப்பூரும் ஹாங்காங்கும் ஏறக்குறைய அப்படிப்பட்டவை. இரண்டும் துறைமுக நகரங்கள், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தவை, சீனர்கள் பெரும்பான்மை, வளர்ந்த வேகமும் ஒன்றே. ஹாங்காங்கில் 1966-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை, 1993-ல் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் 1990-களின் நடுவில் தூக்கு எண்ணிக்கை எகிறியது, பிறகு நன்றாகக் குறைந்தது. 1973 முதல் 2007 வரை இரண்டு நகரங்களின் கொலை விகிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வில், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இறங்கியிருந்தன. தூக்கு கூடியபோதும் குறைந்தபோதும் அந்தக் கோட்டில் ஒரு சலனமும் தெரியவில்லை.

சிங்கப்பூர் என்றதும் தமிழர்களுக்கு நினைவு வருவது நாகேந்திரன் தர்மலிங்கமாகத்தான் இருக்கும். மலேசியத் தமிழ் இளைஞர், 2009-ல் தொடையில் கட்டிய பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்டார், அங்கே 15 கிராமைத் தாண்டினாலே தூக்கு. அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர் சொன்ன பிறகும் 2022 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தவர்களையும் அதற்கு மேலே இருந்தவர்களையும் பற்றி அந்த வழக்கிலிருந்து நமக்கு எதுவும் தெரியாது. போதைக் கடத்தலில் உலகம் முழுக்க இதேதான், கடைசியாகச் சுமப்பவன் மாட்டுவான். மலேசியா 2023-ல் கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டது, இப்போது நீதிபதிக்கு வேறு தண்டனை கொடுக்க வாய்ப்பு இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு நாடுகள், ஒரே கடத்தல் பாதை, ஒன்று மாறிவிட்டது. அடுத்த பத்து ஆண்டுகளில் இது தானாகவே நல்ல ஒப்பீட்டு ஆய்வாக வளரப்போகிறது, கவனித்துக்கொண்டே இருங்கள்.

இதற்கு நேர் எதிரான சோதனையைச் செய்தது பின்லாந்து. 1950-களில் அங்கே லட்சம் பேருக்கு 200 அளவில் சிறைவாசிகள், பக்கத்து நார்டிக் நாடுகளைப்போல மூன்று மடங்கு. திருட்டுக்குத் தண்டனையைக் குறைத்தார்கள், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு நிறுத்திவைத்த தண்டனையும் அபராதமும் போட்டார்கள், முன்விடுதலையை எளிதாக்கினார்கள். 1990-களுக்குள் 60 அளவுக்கு வந்துவிட்டது. அந்த நாற்பது ஆண்டுகளில் குற்றம் கூடவில்லையா என்றால், கூடியது. ஆனால் சிறை எண்ணிக்கையை மாற்றாத ஸ்வீடன், டென்மார்க், நார்வேயிலும் அதே வேகத்தில்தான் கூடியது, அதே காலத்தில்தான் நின்றது.

இதையெல்லாம் எழுதிவிட்டு எல் சால்வடாரைச் சொல்லாமல் போனால் அது நேர்மையில்லை, ஏனென்றால் கடும் நடவடிக்கை ஆதரவாளர்கள் கையில் இன்று இருக்கும் வலுவான உதாரணம் அதுதான். 2015-ல் 6,656 கொலைகள், லட்சத்துக்கு 103, அப்போது உலகிலேயே மோசம். 2022 மார்ச்சில் ஒரே நாளில் 62 பேர் கொல்லப்பட்டதும் அதிபர் புகேலேயின் அரசு அவசர நிலை கொண்டுவந்து 80,000 பேருக்கு மேல் உள்ளே தள்ளியது. அரசுக் கணக்குப்படி 2024-ல் 114 கொலைகள். மாமூல் கொடுக்காமல் கடை நடத்த முடியாத தெருவில் இன்று நிம்மதியாகக் கடை திறக்கிறார்கள், அந்த மக்களின் ஆதரவை ஏமாளித்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் படிக்கிறவர் வரைபடத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். 103 என்ற விகிதம் அவசர நிலைக்கு முந்தைய 2021-லேயே 18 வாக்கில் இறங்கிவிட்டது, பெரிய சரிவு அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கிறது. தவறாகப் பிடிபட்ட 8,000 பேரை விடுவித்ததாக அதிபரே 2024-ல் சொன்னார். மிச்சம் உள்ளவர்களில் எத்தனை பேர் அப்பாவிகள் என்பது விசாரணை நடந்தால்தானே தெரியும், அது நூற்றுக்கணக்கானவர்களை ஒரே வழக்கில் சேர்த்து நடக்கிறது. லட்சத்துக்கு 1,000-க்கும் மேல் சிறையில் வைத்திருக்கும் நாடு அது. பலன் உண்டு என்பதை ஒத்துக்கொண்டுதான், அது எவ்வளவு, எதனால், யார் தலையில் செலவு என்று கேட்க முடியும்.

இங்கேதான் நான் சொல்லவந்த முக்கியமான விஷயம். நாடுகளைத் தரவரிசைப்படுத்தும் வேலையை விட்டுவிட்டு, ஒரு வழக்கு புகாரிலிருந்து தண்டனை வரை போகும் வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வழக்குகள் கொட்டிப்போகின்றன, எந்த இடத்தில் யார் கையில் முடிவு இருக்கிறது என்று ஒவ்வொரு நாட்டிலும் பாருங்கள். ஜப்பானில் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் 99%-க்கு மேல் தண்டனைதான், கேட்க அதிசயமாக இருக்கும். அங்கே அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஜெயிக்காது என்று தோன்றுவதையும், மன்னித்துவிடலாம் என்று நினைப்பதையும் நீதிமன்றத்துக்கே கொண்டுபோவதில்லை. அதற்கு முன் 23 நாள் வரை காவலில் வைத்து விசாரிக்கலாம், விசாரணை அறையில் வழக்கறிஞர் உடன் இருக்க மாட்டார். உண்மையான தீர்ப்பு அந்த அறையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

ஹகமாடா வழக்கைப் படியுங்கள், ஒரு முழுப் பாடத்திட்டத்துக்குச் சமம். முன்னாள் குத்துச்சண்டை வீரர், மிசோ என்ற புளித்த சோயா விழுது செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர், 1966-ல் முதலாளி குடும்பத்தில் நால்வர் கொல்லப்பட்டதற்காகப் பிடித்தார்கள். நாள்கணக்கில் நடந்த விசாரணைக்குப் பிறகு ஒப்புக்கொண்டார், நீதிமன்றத்தில் மறுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, கொலை நடந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு, மிசோ தொட்டிக்குள்ளிருந்து இரத்தக் கறையோடு ஐந்து துணிகள் கிடைத்தன. ஓராண்டு மிசோவில் ஊறிய இரத்தம் எப்படிச் சிவப்பாகவே இருக்கும்? மேல்முறையீட்டில் அந்தக் கால்சட்டையை அவருக்குப் போட்டுப் பார்த்தார்கள், ஏறவில்லை. அப்படியும் 1968-ல் விதித்த மரண தண்டனை நின்றது. 2014-ல் மறுவிசாரணைக்கு உத்தரவாகி வெளியே வந்தார், 2024 செப்டம்பரில் ஷிஸுவோகா நீதிமன்றம் அந்தத் துணிகள் ஜோடிக்கப்பட்ட சான்று என்று சொல்லி விடுதலை செய்தபோது அவருக்கு வயது 88.

அமெரிக்காவில் அழுத்தம் வேறு இடத்தில். அங்கே தண்டனைகளில் மாநில அளவில் 94 சதவீதமும் மத்திய அளவில் 97 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்தவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012-ல் எழுதியது. "ஒப்புக்கொண்டால் மூன்று வருடம், விசாரணைக்குப் போய்த் தோற்றால் இருபது வருடம்" என்ற பேரம்தான் நடைமுறை. சினிமாவில் பார்க்கும் ஜூரி விசாரணை அங்கேயே அரிது. நம்மிடமும் 2006 முதல் அதுபோன்ற ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது, ஏழு ஆண்டு வரையிலான குற்றங்களுக்கு, யாரும் சீண்டுவதில்லை.

அப்புறம் இந்தியா. லட்சத்துக்கு 40 பேர் என்ற அளவில்தான் சிறையில், உலகக் கணக்கில் மிகக் குறைவு, பின்லாந்தைவிடவும் கம்மி. ஆனால் 2022 கணக்கில் மொத்தம் 5,73,220 சிறைவாசிகளில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், நான்கில் மூன்று பங்கு. தண்டனை பெறாதவர்களால் நிரம்பிய சிறைகள். நம் ஊரில் வழக்கு தீர்மானமாகும் இடம் ரிமாண்ட், அதாவது தீர்ப்புக்கு முன்பே காவலுக்கு அனுப்பும் கட்டம். ஒரு திங்கட்கிழமை காலை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள், ஜாமீன் கிடைத்தும் இரண்டு நபர் ஜாமீன்தாரரும் வரி ரசீதும் கொண்டுவர முடியாமல் திரும்ப வேனில் ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். எந்தப் பல்கலைக்கழகமும் அதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்காது.

வழக்குகளின் எண்ணிக்கை எந்த நீதிமன்றமும் தாங்காத அளவுக்குப் போனால் என்ன செய்வது? ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறையில், நீதிபதிகளில் பலர் கொல்லப்பட்டுவிட்டார்கள் அல்லது ஓடிவிட்டார்கள். ஐ.நா. பக்கத்து நாடான தான்சானியாவின் அருஷாவில் அமைத்த தீர்ப்பாயம் இருபது ஆண்டுகளில் 93 பேர்மேல் குற்றம் சாட்டி 62 பேரைத் தண்டித்தது. ஊர்களில் புல்தரையில் கூடிய கச்சாச்சா மன்றங்கள், ஊராரே தேர்ந்தெடுத்த நீதிபதிகளோடு, 2012-க்குள் 19 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகளை முடித்தன. வழக்கறிஞர் கிடையாது, இனப்படுகொலைக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த தரப்பின் படைகள் செய்த கொலைகள் அங்கே பேசப்படவே இல்லை. அருஷாவில் நடைமுறை சுத்தம், ஆனால் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் பலருக்கு அது எங்கோ நடந்த சமாச்சாரம். எது நீதி என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் படியுங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு பக்கம், குற்றமே இப்போது எல்லை தாண்டி நடக்கிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்களை மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைத்து இணைய மோசடி செய்யவைத்தது 2022-ல் செய்தியானது. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் மதிப்பிட்டது. பணத்தை இழந்தவர் ஒரு நாட்டில், பேசி ஏமாற்றியவர் அடிமை, அவரை அடைத்துவைத்த இடத்தின் உரிமையாளர் வேறு நாடு, பணம் போனது இன்னொரு நாடு. இதை எந்த நாட்டுப் புள்ளிவிவரத்தில் எழுதுவது? பேசி ஏமாற்றிய பையனைக் குற்றவாளி என்பதா, பாதிக்கப்பட்டவர் என்பதா? ஒரு நாட்டுச் சட்டத்தை மட்டும் படித்தவருக்கு இது பிடிபடாது.

இனி நடைமுறைக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன, வெளிநாடு போனால்தான் ஒப்பீடு வரும் என்றில்லை. ஐ.நா. போதை மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் தரவும் உலகச் சிறைச் சுருக்கம் (World Prison Brief) என்ற தளமும் இலவசம், ஆனால் அட்டவணையைவிட அடிக்குறிப்பை அதிகம் படியுங்கள். வேலையைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்னடத்தை அலுவலர், சிறை நல அலுவலர் பணியிடங்கள் குறைவு, வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவுகளும் தொண்டு நிறுவனங்களும்தான் இப்போது அதிகம் எடுக்கின்றன.

ஆய்வுத் தலைப்பு தேடினால் என்னிடம் ஒன்று இருக்கிறது. மெக்காலே குழு 1837-ல் வரைந்து 1860-ல் சட்டமான தண்டனைச் சட்டம்தான் சின்னச் சின்ன மாற்றங்களோடு சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்று பரவியது. சிங்கப்பூரில் இன்றைக்கும் மோசடிக்குப் பிரிவு 420 தான், நாம்தான் 2024 ஜூலையில் அந்த எண்ணை விட்டோம். சட்டத்தோடு சேர்ந்து, விசாரணை இல்லாமல் ஆளை உள்ளே வைக்கும் பழக்கமும் இந்தியா, சிங்கப்பூர், இலங்கை மூன்றிலும் வேர்விட்டது. தமிழ்நாட்டில் 1982-ன் குண்டர் சட்டம், ஓராண்டு வரை. சிங்கப்பூரில் 1955-ல் தற்காலிகம் என்று பெயர் வைத்துக் கொண்டுவந்த சட்டம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீட்டிப்பு வாங்கி இன்னும் ஓடுகிறது. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-ல் மூன்று ஆண்டுக்கு என்று வந்து 1982-ல் நிரந்தரமானது, அதில் அதிகம் உள்ளே போனவர்கள் தமிழர்கள். மூன்றிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். ஆளை உள்ளே வைத்த உத்தரவை முதலில் மறுபரிசீலனை செய்வது யார், எத்தனை நாளுக்குள்? நம் சட்டத்தில் அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும், மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும், குழுமம் ஏழு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் ஆட்கொணர்வு மனுக்களில் ஏராளமான உத்தரவுகள் ரத்தாகின்றன, பெரும்பாலும் கைதியின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக. தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓராண்டுக்கானதை எடுத்து, உத்தரவு போட்ட தேதிக்கும் ரத்தான தேதிக்கும் இடையில் எத்தனை நாள் என்று முதலில் ஒரு எக்செல் தாளில் போடுங்கள், சிங்கப்பூரையும் கொழும்பையும் அப்புறம் பார்க்கலாம்.